பொட்டலத்தைத் தேடி வந்த வெள்ளைக்காரர்

யாருமே கேட்காத வேலையை, யாரும் சொல்லாமலே, ஒரு மாதம்கூட விடாமல் செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் பொட்டலம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் செங்கல்பட்டு மேன்ஷன் ஒன்றில் அவரும் நானும் அடுத்தடுத்த அறை. பகலில் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பார். மாலையில் கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் நேராக பிரவுசிங் சென்டர். கீழே மெஸ் நடத்திய ராணியக்கா ஒருநாள் கேட்டே விட்டார்.

"இன்னாபா, டெய்லி அங்க போய் இன்னாதான் பண்ற?"

"பேக்கேஜ் மேனேஜர்க்கா. கம்ப்யூட்டர்ல ஒரு சாப்ட்வேர் போடணும்னா அதுக்குத் தொணையா இன்னும் நாலு வேணும். எல்லாத்தையும் தேடி இட்டாந்து, சண்டை இல்லாம உக்கார வைக்கிற புரோகிராம். அத்த நான்தான் பாத்துக்கறேன். யாரு வேணா ஃப்ரீயா எடுத்துக்கலாம்."

"பொட்டலம் கட்டற வேலைன்னு சொல்லேன்!"

பெயர் அன்று விழுந்தது.

மாதா மாதம் முதல் ஞாயிறு, மெஸ்ஸில் இட்லி வருவதற்குள் எழுந்து நிற்பார். அந்தப் புரோகிராமைப் பயன்படுத்துகிறவர்களின் இணையக் குழுவுக்கு அனுப்பிய மாத அறிக்கையை எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

"போன மாசம் ஒரு கோளாறு சரியாச்சு. சரி பண்ணதுல புதுசா ரெண்டு வந்துகீது."

"அப்ப சும்மாவே வுட்டிருக்கலாமே" என்பார் ராணியக்கா, சாம்பார் வாளியோடு. மெஸ்ஸே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

"அத்தப் படிச்சிட்டு யாராச்சும் பதில் போடுவாங்களா அண்ணாத்த?" என்று கேட்டேன்.

"திட்டணும்னா போடுவாங்க. திட்டு வரலன்னாதான் பேஜாரு. அந்தப் பக்கம் யாருமே இல்லியோன்னு தோணும்."

அம்மை போட்டுப் படுத்தபோதும் விடவில்லை. வேப்பிலைக்கு நடுவிலிருந்து, "இந்த மாசம் ஒண்ணும் நடக்கலன்னு போட்டுடு" என்று என்னை அனுப்பினார். அறிக்கை இல்லை என்பதற்கு ஓர் அறிக்கை. பதில் வந்ததா என்று தினமும் கேட்டார். வரவில்லை.

ஒருநாள் வந்தது. இவர் புரோகிராமைப் பயன்படுத்தும் ஜெர்மனிக்காரர் ஒருவர் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருகிறாராம். சந்திக்க முடியுமா என்று எழுதியிருந்தார். அந்த வாரம் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் ஒத்திகை. சட்டையை இஸ்திரிக்காரர் தேய்த்தது போதாதென்று சொம்பில் கரி நெருப்பு போட்டுத் தானும் ஒருமுறை தேய்த்தார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில், அவருக்கென்று இளநீர் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயிலில் மூக்குச் சிவந்த ஆறடி வெள்ளைக்காரர் ஓடி வந்து இவரைக் கட்டிப்பிடித்தார். நன்றி சொன்னார். போட்டோ எடுத்தார். நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன் த பிகினிங்..." என்று ஆரம்பித்தார். கைடு கைதட்டிக் கூப்பிட்டார். டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்தது. வெள்ளைக்காரர் கையசைத்துக்கொண்டே போய் ஏறிவிட்டார்.

இளநீர் இவர் கையிலேயே இருந்தது.

திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. இவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "இன் த பிகினிங்..." என்றார். ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் அத்தனையும் வரிசையாக வந்தது. கண்டக்டர் நடுவில் வந்து, "இன்னா சார், யார்கிட்ட பேசிகினு வர்ற?" என்றார். இவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"என்கிட்டதாங்க" என்றேன். "அப்புறம் அண்ணாத்த?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம்.