சூளையில் சுட்ட தேநீர்க் கறை

பல் செய்கிறவனுக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டு, அவன் செய்த பல்லை ஒருவரும் கவனிக்காமல் போவதுதான். மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பல் ஆய்வகத்தில் வேலை செய்யும் நான் இந்தப் பாராட்டை நிறையவே பெற்றிருக்கிறேன். ஒரே ஒரு பல்லை மட்டும் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபமே கவனித்தது. அது என் மச்சானின் பல். அன்றைய மாப்பிள்ளையும் அவர்தான்.

என் மனைவி மாலதியின் அண்ணன் குணா. துறைமுகத்துக்கு லோரி அனுப்பும் வேலை. தங்கைக்கு முடித்துவிட்டுத்தான் தனக்கு என்று காத்திருந்து, ஒருவழியாக ஷாமினி என்ற ஆசிரியையை மணக்க நாள் குறித்தார். குறித்த கையோடு பேட்மிண்டன் ஆடப் போய், கூட ஆடியவரின் மட்டை பட்டு முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டார்.

"நீங்க இருக்கீங்கன்னு தைரியமா உடைச்சேன் லா மச்சான்," என்றார் போனில். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

மாமியார் வீட்டில் என் தொழிலுக்கு அதுவரை 'பல்லு செட்டு வேலை' என்றுதான் பெயர். (கிளாஸ் தண்ணீரில் ஊறுமே, அது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.) நான் யார் என்று காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது. உள்ளே உலோகமே இல்லாமல், முழுக்க செராமிக்கில் ஒரு கிரவுன். உடைந்த பல்லின் மேல் தொப்பிபோல் ஒட்டுவது. நிஜப் பல்லைப் போலவே அதிலும் வெளிச்சம் புகுந்து வரும். ஆனால் நிறம் பக்கத்துப் பல்லோடு கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நிறம் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்குக்கு நானே போனேன். வாய் நெடுநேரம் திறந்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும் என்பதால், டாக்டர் தேவி பல்லைச் செதுக்கத் தொடங்கும் முன்பே போய் நின்றேன். (இவ்வளவு தெரிந்தவன் நான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.) குணா வாயைத் திறந்தார். தே தாரிக் குடிக்காமல் ஒரு லோரியைக்கூட நகர விடாத மனிதர். அந்தப் பால் தேநீர் பல வருடம் ஊறிய பழுப்பு, பல்லின் கழுத்தில் அடர்த்தியாகவும் நுனியில் மெல்லிய கோடுகளாகவும் படிந்திருந்தது.

"முதல்ல ஒரு கிளீனிங் பண்ணிட்டு கலர் எடுக்கலாமே," என்றார் டாக்டர் தேவி.

"வேணாம் டாக்டர். இருக்கிறத அப்படியே கொண்டு வர்றதுதான் திறமை."

"பின்னாடி அவரு கிளீன் பண்ணிட்டாருன்னா?"

"இவரா?" என்று சிரித்தேன். குணாவும் வாயைத் திறந்தபடியே சிரித்தார்.

இயந்திரம் கடைந்து கொடுத்த கிரவுனை வைத்துக்கொண்டு, நூலிழைத் தூரிகையால் ஒவ்வொரு கறையாக வரைந்தேன். சூளையில் சுட்டேன். மேலே கண்ணாடிப் பூச்சுப் பூசி மறுபடி சுட்டேன். ஒட்டி முடித்ததும் டாக்டர் தேவி தன் உதவியாளரை அழைத்து, எது புதுப் பல் என்று கேட்டார். அந்தப் பெண் தவறான பல்லைக் காட்டினாள். அன்றைய டைரியில் 'கச்சிதம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, குணா உதட்டை இறுக மூடிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னண்ணே ஆச்சு? சிரிங்க," என்றாள் மாலதி.

சிரித்தார். வரிசையாக வெள்ளைப் பற்கள். நடுவில் ஒன்று மட்டும் தே தாரிக்.

"மேக்கப் அக்கா சொன்னாங்க மச்சான், போட்டோவுக்குப் பல்லு பளிச்சுனு இருக்கணும்னு. கிள்ளான்லயே ஒரு கிளினிக்ல போய் கிளீன் பண்ணிட்டேன். எல்லாம் போச்சு, இது மட்டும் போகல. ரொம்ப நேரம் தேச்சுப் பாத்தாங்க."

"போகாது. அது சூளையில சுட்ட கறை," என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமை கலந்துவிட்டது.

மாலதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கறையையும் நீங்கதான் செஞ்சீங்களா?"

டாக்டர் தேவிக்குப் போன் செய்தேன். "அறுத்துத்தான் எடுக்கணும். ஈறு வீங்கும். புதுசு ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெடியாகாது. தற்காலிகப் பல்லு விருந்துல கழண்டு விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது," என்றவர், "நான் அன்னிக்கே சொன்னேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

பல்லை மாற்ற முடியாவிட்டால் என்ன, மற்றப் பற்களை மாற்றலாம் என்று எனக்கு ஒரு யோசனை உதித்தது. சனிக்கிழமை முழுக்க குணா, பாலில்லாத கடுந்தேநீரை வாயில் அடக்கிக் கொப்பளித்தார். பற்கள் வெள்ளையாகவே இருந்தன. அவருக்குத் தூக்கம்தான் போயிற்று.

மறுநாள் தூங்காத கண்களும் மூடிய உதடுமாக மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தார். "பாஸ், கொஞ்சம் சிரிங்க," என்று போட்டோக்காரர் கெஞ்சிக்கொண்டே இருந்தார். பெண் வீட்டார் ஒருவர் காதை ஒருவர் தேட ஆரம்பித்தார்கள். பெண்ணின் அப்பா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, மறைக்காம சொல்லுங்க. மாப்பிள்ளைக்கு எங்க பொண்ணைப் பிடிக்கலையா?"

என் பெருமை ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்ப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல்லைப் பற்றிச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், மேடையில் ஷாமினி குனிந்து குணாவிடம் ஏதோ கேட்டாள். அதே கேள்வியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"ஐயோ, அப்படிலாம் இல்ல லா," என்று குணா பதறி முழு வாயையும் திறந்தார்.

மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பல் அதில் கதவளவுக்குத் தெரிந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஷாமினி முதலில் திகைத்தாள். பிறகு கண்மை கரையும் வரை சிரித்தாள். குணாவும் மிச்சக் கல்யாணம் முழுக்க வாய் நிறையச் சிரித்தார். மாமியார் என்னை விட்டுக்கொடுக்காமல், "எங்க மருமகன் கையால செஞ்ச பல்லு," என்று வரிசை வரிசையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுவாரமே இலவசமாக வெள்ளைப் பல் செய்து தருகிறேன் என்றேன். குணா இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். தே தாரிக்கை மட்டும் தள்ளிப்போடவில்லை. காலப்போக்கில் மற்றப் பற்கள் ஒவ்வொன்றாகப் பழுத்து வந்து என் பல்லோடு சேர்ந்துகொண்டன. இப்போது எது நான் செய்தது என்று எனக்கே உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. நான் அதைத் தவறாகச் செய்யவில்லை, கொஞ்சம் முன்கூட்டிச் செய்துவிட்டேன் என்பதே இந்த விஷயத்தில் என் முடிவான கருத்து.

தீபாவளி நெருங்கினால் ஷாமினியிடமிருந்து போன் வந்துவிடும்.

"அண்ணே, இந்த வருஷமாவது இவரு பல்லைக் கிளீன் பண்ணலாமா?"

"வேணாம்மா," என்பேன். "இப்பத்தான் எல்லாம் ஒத்துமையா இருக்கு."