பட்டினியில் அடித்த மணி

“அம்மா, செல்லுக்குள்ள குப்பை அள்ளுறது யாரு?” என்று திர்சாவின் மகள் ஐந்து வயதில் கேட்டாள். ‘செல்லேதான்’ என்று அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் திர்சா ஹைஃபா ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடமாக நிரூபிக்கப் பார்க்கிறாள்.

மார்பகப் புற்றுச் செல்லின் மேல் அழைப்பு மணி போல ஒரு புரதம் உண்டு. வளர்ச்சிச் சத்து வந்து அமுக்கினால், ‘வளரு’ என்று அடிக்கும். அடித்த மணியைச் செல்லே உள்ளே இழுத்து அரைத்துவிட வேண்டும். புற்றுச் செல்லில் அந்தக் குப்பை வண்டி தாமதம், மணி ஓய்வதில்லை. வண்டியை முடுக்கிவிட ஒரு மருந்து வைத்திருந்தாள் திர்சா. பஸ்கா பண்டிகைக்குள் முடிவு காட்டாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

சோதனைக்கு முன் செல்களைப் பட்டினி போட்டு மணியை அடக்க வேண்டும். யூதப் பெண்ணான அவளுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள், விளக்கைக்கூடத் தொடமாட்டாள். ஆகவே வெள்ளி மதியம் செல்களைச் சிறு மூடித் தட்டுகளில் சத்தில்லாத் திரவத்தில் விட்டுப் போய், ஞாயிறு காலை வந்து பார்த்தாள்.

மருந்தே தொடாத தட்டிலும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாதி மணிகள் ஏற்கெனவே அரைபட்டுப் போயிருந்தன.

பட்டினி போதவில்லை என்று அடுத்த வாரம் வியாழனே தொடங்கினாள். மணி இன்னும் பலமாக அடித்தது. புதுச் செல்கள் வாங்கினாள், அதேதான். கணக்குத் தப்பாமலிருக்க நாற்பது தட்டு வைத்தாள். நாற்பதிலும் அடித்தது.

“உன் செல்லுங்க நோன்புல நம்மள விட சந்தோஷமா இருக்கே” என்று சிரித்தார் பேராசிரியர் கெர்ஷோன். இரண்டு நாள் கழித்து அவர் சிரிக்கவில்லை. பசித்த செல் தானே மணியடிக்கிறது, இது பெரிய கண்டுபிடிப்பு என்று வியன்னா மாநாட்டுக்கு எழுதப் போனார். அப்படி எழுதினால் அவள் வேலையும் நிலைத்துவிடும். ஆனால் நம்பாத ஒன்றில் தன் பெயரைப் போட திர்சாவின் மனம் ஒப்பவில்லை.

சந்தேகப்பட மிச்சமிருந்தது தண்ணீர்தான். அந்தத் தளத்துக்கே தண்ணீரும் செல்களுக்கான சத்துத் திரவமும் காய்ச்சி, கண்ணாடிக் குப்பிகள் கழுவும் நதீமிடம் போனாள். தலையைக் குனிந்துகொண்டு, உங்கள் தண்ணீரில் ஏதும் கலந்திருக்குமா என்று கேட்டாள்.

நதீமின் முகம் வாடியது. கையைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“தண்ணியில ஒண்ணும் இல்லம்மா. என் சம்சாரம் பிரசவத்துல படுத்தப்ப, ஒரு வாரம் என் குப்பியெல்லாம் நீங்க கழுவி வச்சீங்க, யாருக்கும் சொல்லாம. அதான் சனிக்கிழமை ஆள் இல்லாத நேரமா நானும் வந்து உங்க தட்டுகளைக் கவனிச்சுட்டுப் போறேன். நீங்களே மூடியில ‘பட்டினி’ன்னு செவப்புல எழுதி வச்சிட்டுப் போறீங்க, அதைப் பாத்துட்டு சோறு வைக்காம எப்படிம்மா போறது?”