இடம் பிடிக்க விடாத கோச்

மேசைமீது டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கும் சிங்கப்பூர் வழக்கத்தை எதிர்த்துப் போர் தொடுத்த மனிதர் இத்தீவில் ஒருவர்தான். அவருக்கே ‘டிஷ்யூ கோச்’ என்ற பெயர் வாய்த்தது.

நான் செயலாளராக இருந்த மகளிர் ஹாக்கிக் குழுவுக்கு அவர் பயிற்சியாளர். பருவத்தின் இறுதி ஆட்டத்தில் வெல்லாவிட்டால் அவர் பதவி பறிபோகும் என நிருவாகம் முடிவு செய்தது. அதை அவரிடம் தெரிவித்தேன். மறுநாளே முன்னணி ஆட்டக்காரர்களை மைதானத்துக்கு அல்ல, நண்பகல் நெரிசலில் தேக்கா உணவங்காடிக்கு அழைத்துச் சென்றார். கவலையோடு நானும் போனேன்.

எங்கள் முக்கிய கோல் ஆட்டக்காரி நசீரா வழக்கம்போல் ஒரு மேசையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்தாள். கோச் அதைப் பறிமுதல் செய்தார்.

“மைதானத்துலயும் இதையேதான் செய்ற. கோலுக்கு முன்னால இடம் பிடிச்சிட்டு நிக்கிற. ரெண்டு பேர் வந்து ஒட்டிக்கிறாங்க.”

“பசிக்குது லா, கோச். எங்க உக்கார்றது?”

“காலியாகப் போற இடத்தைப் பாரு. அந்த அண்ணன் கை துடைக்கிறாரு, எந்திரிக்கப் போறாரு.”

அண்ணன் எழவில்லை, இன்னொரு பரோட்டாவைப் பிரித்தார். “ஏம்மா, நிம்மதியா சாப்பிட விடமாட்டீங்களா?” என்றார்.

“எதிரணியும் இப்படித்தான் ஏமாத்தும்,” என்றார் கோச், சற்றும் கலங்காமல்.

பல நாள் அப்பெண்கள் நின்றுகொண்டே உண்டனர். பிறகு ஒரு நாள் நசீரா தட்டுடன் ஒரு மூலையை நோக்கி விரைந்தாள். அங்கே இடம் இருக்கிறது போலும் என்று, ஒரு மேசையருகே காத்திருந்த இருவர் அவளை முந்திக்கொண்டு ஓடினர். அவர்கள் விட்டுச்சென்ற மேசை அந்நொடியே காலியாக, சக ஆட்டக்காரி கவிதா அதில் அமர்ந்துவிட்டாள். மூலையில் இடமே இல்லை. கோச் அன்று எல்லாருக்கும் நுரை பொங்கும் தே தாரிக் தேநீர் வாங்கித் தந்தார்.

இறுதி ஆட்டம். முடியும் தறுவாயிலும் இரு அணிகளும் சமநிலை. திடீரென நசீரா கோலுக்கு முதுகைக் காட்டி, பந்து கேட்டபடி ஓரத்துக்கு ஓடினாள். தடுப்பாளர் இருவரும் பின்தொடர்ந்தனர். திறந்த இடைவெளிக்குள் கவிதா புகுந்து பந்தை வலைக்குள் செலுத்தினாள். அரங்கமே எழுந்தது.

கோச் மட்டும் ஓரத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

“கோல் விழுந்துடுச்சு, கோச். ஜெயிச்சுட்டோம்,” என்றேன்.

“அப்படியா? யாரு அடிச்சா?”

பதவி காத்த கோலை அவர் பார்க்கவேயில்லை.

“நசீரா ஓடினதைப் பாத்தீங்களா, ஐயா?” என்றார்.

அதன்பின் எந்த ஆட்டத்திலும் கோல் விழுவதை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. பந்தில்லாமல் ஓடுபவர்களையே என் கண்கள் தேடுகின்றன.