இரண்டு கரண்டி

மகள் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போன மறுநாள் காலை, மாஸ்டர் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு மாத்திரை பாட்டிலை ஒளித்து வைத்தார். பாட்டிலுக்குள் இருந்தது மாத்திரை அல்ல. இரண்டாயிரம் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஐம்பத்தெட்டு வயது மனிதர், சர்க்கரையைத் திருட்டு நகை மாதிரி பதுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

டிரைவிங் ஸ்கூலில் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் கோட்டை விட்டால் அதை மாஸ்டர் மிதிக்க வேண்டும். இருபத்தாறு வருடம் மிதித்து மிதித்து, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால்கூட அவர் கால் தரையில் எதையோ தேடும். அந்தக் கால்தான் இப்போது மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. பட்ட காலிலே படும் என்பது சும்மாவா?

வருடா வருடம் தரும் உடல்தகுதிச் சான்றிதழில் இந்தத் தடவை டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, மூன்று வாரம் அடியோடு நிறுத்திவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மாஸ்டர் கேட்டார். முதல் வாரம் எரிச்சல் வரும், இரண்டாவது வாரம் வாழ்க்கை வெறுத்துப்போகும், மூன்றாவது வாரம் நாக்கு வழிக்கு வரும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும் என்றார் டாக்டர். சான்றிதழைக் காட்ட முதலாளி ஒரு மாதம் தவணை கொடுத்தார். மகள் தவணை எதுவும் கொடுக்கவில்லை. டப்பாவைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மூணே வாரம்ப்பா. அப்பவும் கையெழுத்து ஆகலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். வேலையும் இல்லாம இங்க தனியா உக்காந்து என்ன பண்ணப்போறீங்க?"

வேலை போவது ஒரு பக்கம். வீட்டைப் பூட்டுவது என்பதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தச் சமையலறையில் அவர் மனைவி அடித்த ஆணி இருந்தது. கேஸ் மாற்றிய தேதியை அவள் குறித்துவைத்த காலண்டர் இருந்தது. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அந்த ஆணியையும் காலண்டரையும் விட்டுவிட்டு எங்கே போய் என்ன செய்வது?

அப்படியானால் சர்க்கரையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மகளும் அதைத்தான் கேட்டாள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் எப்படி? ஆனால் மாஸ்டருக்கு இனிப்பின் மேல் ஆசையே கிடையாது. கேக், மிட்டாய் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு டீ. அவள் போட்ட டீ.

முப்பது வருடமாக அவருக்கு ஒரே கணக்கு, டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. வெளியே எங்கும் குடிக்க மாட்டார், காரிலும் அவள் நிரப்பிக் கொடுத்த பிளாஸ்க்தான். வீட்டில் இருந்தால் அவள் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே வருவாள். அந்தக் கிணுகிணு சத்தம் கேட்டால்தான் பேப்பரை மடிப்பார். தனக்கு மட்டும் சர்க்கரை போடாமல் எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவாள். "புல்லுத் தண்ணி குடிக்கிறா பாரு" என்று கேலி செய்வார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், சர்க்கரை போதுமா என்று கேட்பாள். "இன்னிக்குக் கொஞ்சம் தூக்கல்" என்று ஒரு குறை சொல்லாவிட்டால் மாஸ்டருக்கு டீ இறங்காது.

அவள் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் கிளம்பிப்போன ஒரு காலையில் முதல் தடவையாக அவரே டீ போட்டார். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் கழுத்துவரை நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட எனக்காக நிரப்பி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று நினைத்து, டப்பாவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதார். சர்க்கரை இறுகிக் கல்லாய்க் கிடந்தது. மழைக்காலம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, கத்தியின் பின்பக்கத்தால் உடைத்து இரண்டு கரண்டி போட்டார்.

டீ சரியாக இல்லை. அதே டீத்தூள், அதே பால், அதே பாத்திரம். மறுநாள் மூன்று கரண்டி போட்டுப் பார்த்தார். இன்னும் தள்ளிப்போயிற்று. நான்கு, ஐந்து. ஒரு டம்ளர் சரிவராமல் போனால் அடுத்த டம்ளர் போட்டார். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் வரை போய்விட்டது. அவள் போட்ட டீ எங்கேயோ சர்க்கரைக்கு அடியில்தான் கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டால் அகப்பட்டுவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

நோய் வந்ததற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. துக்கம். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை டாக்டர், சர்க்கரை எல்லையில் நிற்கிறது, குறையுங்கள் என்று சொன்னதுண்டு. அரைக் கரண்டிகூடக் குறைக்க மாட்டேன் என்று வீட்டில் சபதம் போட்டார் மாஸ்டர். அடுத்த வருடச் சோதனையில் எல்லாம் சரியாக வந்தது. அதற்கடுத்த வருடமும் சரி. "பாத்தீங்களா, இன்னிவரைக்கும் ரெண்டு கரண்டிதான்" என்று டாக்டரிடமே மீசையை முறுக்கினார். ஆகவே சர்க்கரை நோய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை, மனைவி இறந்த துக்கம்தான் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இப்படியாகத்தான் மாத்திரை பாட்டில் காருக்குள் வந்து சேர்ந்தது.

இரண்டே நாளில் எறும்பு வந்தது. அவசரத்தில் பிளாஸ்க் டீயில் கொட்டிக் கலக்கியதில் மிதியடியில் சிந்தியிருந்தது. மாஸ்டர் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். எறும்பு போயிற்று, நாற்றம் நின்றது. அன்று ஓட்ட வந்தவர் ஒரு பல் டாக்டர் அம்மா. பெட்ரோல் கசிகிறது என்று நடுரோட்டில் காரை நிறுத்தி இறங்கியவர், தெருவில் போகிறவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார். கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அரை நாள் படுத்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று திரும்பி வந்தது. முதலாளி மாஸ்டரை ஒரு மாதிரி பார்த்தார்.

காருக்குள் சர்க்கரையைத் திறந்தால்தானே வம்பு? அரிசி டின்னுக்குள் ஒளித்திருந்த பாக்கெட்டிலிருந்து எடுத்து, வீட்டிலேயே டீயில் பாகு மாதிரி கரைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொண்டார். பல் டாக்டர் அம்மா ஒரு பூனைக்காகப் பிரேக் போட்டார். பூனை பிழைத்தது. பிளாஸ்க் சாய்ந்து, மூடி கழன்று, அத்தனை டீயும் மாஸ்டரின் பிரேக்குக்கு அடியில் ஓடியது. மாஸ்டர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அது பாகைத் தரைவிரிப்புக்கு அடியில் இன்னும் நன்றாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நாலாம் நாள், எறும்புகள் குடும்பம் குட்டியோடு வந்து குடியேறின.

அடுத்த நாள் பல் டாக்டர் அம்மாவுக்கு லைசென்ஸ் சோதனை. மாஸ்டர் அதிகாலையில் எழுந்து, தரைவிரிப்புக்கு அடியில் எறும்புப் பொடியைத் தாராளமாகத் தூவினார். வேலியிலே போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை அவர் காரில் செய்தார்.

அடியில் இருக்க முடியாத எறும்புகள் மேலே ஏறின. சோதனை மைதானத்தில் அந்த அம்மா நிதானமாகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது முதல் எறும்பு அவர் முழங்காலை எட்டியது. இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். கார் பின்னால் ஊர்ந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்தார். காய்ந்த பாகில் அது பாதியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மரத்த காலுக்கு அது பாதி என்று தெரியவும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பிரேக் மாஸ்டரின் கார் நிற்கவில்லை. எழுந்து விலகிய அதிகாரியின் நாற்காலி மேல் மெல்ல ஏறி, அதை மடக்கிவிட்டுத்தான் நின்றது.

அதிகாரி காரைத் துழாவி மாத்திரை பாட்டிலை எடுத்தார். இது என்ன மருந்து என்று கேட்டார். பல் டாக்டர் அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, தன் தொழிலுக்குரிய வருத்தத்தோடு, "சர்க்கரை" என்றார்.

சான்றிதழோடு வாருங்கள், அதுவரை காரைத் தொட வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அன்று மாலை மகள் போனில் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. "அம்மா இருந்தப்ப உங்களுக்கு ஒண்ணும் வரலையேப்பா" என்றாள்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

"அம்மாவும் போயாச்சு. நீங்களும் இப்படியே போயிட்டா எனக்குன்னு யாருப்பா இருக்கா?"

அழாதே, இன்றிலிருந்து மூன்று வாரம், முதலிலிருந்து எண்ணிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். இந்த முறை நிஜமாகவே விட்டார். அரிசி டின்னுக்குள் பிரிக்காமல் இன்னொரு பாக்கெட் கிடந்தது. அதைத் தொடவில்லை.

முதல் வாரம் தலைவலி. கேஸ் அடுப்போடும் குழாயோடும் சண்டை போட்டார். ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் போகிற கார்களுக்கெல்லாம் பிரேக் போட்டார். இரண்டாவது வாரம் டீ வெறும் கஷாயமாக இருந்தது. பாதியைத் தொட்டியில் கொட்டினார். இந்தப் புல்லுத் தண்ணியையா அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து முகம் சுளிக்காமல் குடித்தாள் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அவளுடைய டம்ளரிடம் மன்னிப்புக் கேட்டார்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மழை. டீயை ஊற்றிவிட்டு ஏதோ யோசனையில், பழக்கதோஷத்தால் வெறும் கரண்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

அவள் போட்ட டீ.

இன்னொரு வாய் குடித்தார். அதேதான். பாலும் டீத்தூளும் அடியில் எங்கோ ஒரு மெல்லிய தித்திப்பும், முப்பது வருடம் பழகிய அதே ருசி. எட்டு மாதம் மூட்டை மூட்டையாகக் கொட்டித் தேடியும் அகப்படாதது, ஒன்றும் போடாத டம்ளரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். "வந்துட்டியா?" என்று மெதுவாகக் கேட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் மனசுதான்ப்பா என்பாள். மனசுதான் என்று அவருக்கும் தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டும், துக்கம் இத்தனை நாள் கசப்பைக் கொடுத்தது, இப்போது இரக்கப்பட்டு ஒரு ருசியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான்.

மூன்று வாரம் முடிந்து எடுத்த சோதனையில் ரத்தத்தில் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. இப்படியே விடாமல் இருங்கள் என்று சொல்லி டாக்டர் கையெழுத்துப் போட்டார். வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை. ஆணியும் காலண்டரும் அங்கேயே இருக்கும்.

அந்தத் தெம்பில்தான், எட்டு மாதமாகத் தவிர்த்து வந்த தெருமுனை மளிகைக் கடைக்குப் போனார். அவள் வழக்கமாகச் சாமான் வாங்கிய கடை அது. போனால் அவளைப் பற்றிப் பேச்சு வரும் என்று பயந்து, இதுவரை டிரைவிங் ஸ்கூல் பக்கத்துக் கடையிலேயே எல்லாம் வாங்கிக்கொண்டிருந்தார். பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டை மேஜை மேல் வைத்து, எனக்கு இனிமேல் வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார்.

மளிகைக்காரர் பாக்கெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டர் உடம்புக்கு வந்த கதை முழுவதும் சொன்னார். வெகுநாள் கழித்து ஒருவரிடம் அவளைப் பற்றிப் பேசுவது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

"முப்பது வருஷமா அவ கையால ரெண்டு ரெண்டு கரண்டி. அப்ப எல்லாம் ஒண்ணும் பண்ணலை. அவ போனதும்தான் ஏறிடுச்சு. துக்கம் என்னெல்லாம் பண்ணுது பாருங்க" என்றார்.

மளிகைக்காரர் தராசுத் தட்டைக் காரணமில்லாமல் ஒரு தடவை துடைத்தார்.

"சொல்ல வேணாம்னு அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க மாஸ்டர்... மாசத்துக்குக் கால் கரண்டியாக் குறைச்சுக் குறைச்சு, அவங்க உங்க வீட்டுக்குச் சர்க்கரை வாங்கறதை நிறுத்தியே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, உங்களுக்கு வெறும் கரண்டியத்தான் கலக்கிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க."