பலாப்பலகையில் தட்டு மாற்றிய கதை

கையால் ஒரு பொருளைச் செய்யக் கற்றுக்கொண்டவனுக்கு வரும் முதல் வியாதி, அதை யார் தலையிலாவது கட்டிவிடத் துடிப்பது. அது எனக்கு முற்றிப்போயிருந்த சமயத்தில்தான் என் நிச்சயதார்த்தம் வந்தது.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு மாடியில் பட்டறை போட்டு, காய்கறி நறுக்கும் பலகை, பலகாரம் பரிமாறும் பலகை எல்லாம் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். (வாங்கியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் அந்தச் சொந்தக்காரர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள்.) நான் கட்டிக்கொள்ளப்போகும் மலரின் வீடு சிதம்பரம் அண்ணாமலை நகரில்; அவள் அப்பாவுக்கு இந்தத் தொழிலே பிடிக்கவில்லை. "இன்ஜினியரிங் படிச்சிட்டு பலகை இழைக்கிறாராம்" என்று என் காதுபடவே சொன்னார். போதாக்குறைக்கு, கல்யாண மண்டபம் கடலூரிலா சிதம்பரத்திலா என்று அவருக்கும் என் அப்பாவுக்கும் முட்டிக்கொண்டது.

மலர் போனில் சொல்லிவிட்டாள்: "நிச்சயத்தன்னிக்கு ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா, எங்கப்பா அதையே சாக்கா வச்சு நிறுத்திடுவாரு. பாத்துக்க."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். தட்டு மாற்றும்போது எல்லோரையும் போல எவர்சில்வர் தட்டு எதற்கு, பலா மரத்தில் நானே ஒரு பலகை செய்கிறேன், கையில் வாங்கியதுமே மாமனார் மனம் மாறிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். ஓரத்தில் வெற்றிலைக் கொடி, இரு பக்கமும் பிடி. மரம் அழகாகத்தான் வந்தது. கடைசியாகப் பூச வேண்டிய எண்ணெய் கூரியரில் எங்கேயோ நின்றுவிட்டது.

பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் தொழில் செய்கிற என் அத்தை மகன் குமாரிடம் புலம்பினேன். அவன் ஒரு பாட்டிலை நீட்டினான்.

"கொட்டைத் தோல்லேருந்து எடுக்கிற எண்ணெ மச்சான். படகுக்கே இதத்தான் அடிக்கிறாங்க. கையில கிளவுஸ் மட்டும் போட்டுக்க."

கை அழுக்காகிவிடும் என்று சொல்கிறான் என நினைத்தேன். கிளவுஸ் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு உரிய தாராளத்தோடு பூசி, அட்டைப்பெட்டிக்குள் வைத்தேன். காலையில் பலகை கருகருவென்று மின்னியது. அது மினுமினுப்பில்லை, காயாத பிசுபிசுப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. பலகை பெட்டியில் இருந்தபடியே அதன்மேல் வாழையிலை விரித்து, வெற்றிலை பாக்கு பழம் அடுக்கிச் சிதம்பரம் கொண்டுபோனேன்.

சபையில் அப்பா பலகையைத் தூக்கி நீட்டினார். மாமனார் வாங்கினார். அப்பா விடவில்லை.

"விடுங்க சம்பந்தி" என்றார் மாமனார் தாழ்ந்த குரலில்.

"நான் விட்டுட்டேன். நீங்க இழுங்க."

இழுத்தார். அப்பாவும் சேர்ந்து வந்தார். மண்டபத் தகராறு மேடைக்கே வந்துவிட்டது என்று எங்கள் சனம் எழுந்து நின்றது. போட்டோகிராபர் மட்டும் நிதானமாக, "அப்டியே இருங்க சார்" என்றார். ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டபோது இருவர் வெள்ளை வேட்டியிலும் கறுப்பாகக் கைத்தடம்.

மறுநாள் இருவர் உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டது. குமாருக்குப் போன் போட்டேன். "அதுக்குத்தான மச்சான் கிளவுஸ் போடச் சொன்னேன். அது தோல உரிச்சிடும்" என்றான். என் கல்யாணம் அவ்வளவுதான் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் மாமனாரிடமிருந்து போன் வந்தது. அப்பாவால் பிடிக்க முடியாததால் ஸ்பீக்கரில் போட்டோம்.

"சம்பந்தி, உங்களுக்கு எப்டி இருக்கு?"

"சோறு அள்ள முடியல. வூட்ல ஊட்டி வுடுறாங்க."

"இங்கயும் அதே கதிதான்."

அதன்பின் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையை நான் அதுவரை பார்த்ததில்லை. திட்டி முடித்த நிறைவில் மண்டபம் சிதம்பரத்தில்தான் என்று அப்பாவே விட்டுக்கொடுத்தார். அன்றிலிருந்து தினமும் போனில் கொப்புளம் விசாரித்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு எவர்சில்வர் தட்டுதான் வைத்தார்கள்.

இப்போது என் பலகைகள் சுமாராக விற்கின்றன. ஆனால் நான் காபி டம்ளரை நீட்டினால்கூட மாமனார் துண்டால்தான் வாங்குவார். போன மாதம் மகள் பிறந்தாள். குளிப்பாட்டித் துடைத்த குழந்தையை அவரிடம் நீட்டினேன். கண் கலங்கி, கையை ஏந்தியவர், சட்டென்று நிறுத்திக் கேட்டார்:

"காஞ்சிடுச்சா, மாப்ள?"