சோங்-புலாக் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தை நான் நவீனமாக்கியது

தலாஸில் இருக்கும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய உல்கான் அக்காவுக்கு, சோங்-புலாக்கிலிருந்து தம்பி எசென்குல் பணிவோடு எழுதிக்கொள்வது. ஸலாம். நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குறையில்லாமல் இருக்க இறைவன் அருளட்டும். அத்தானுடைய முழங்கால் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? பீன்ஸ் மூட்டைகளை எல்லாம் விற்றுவிட்டீர்களா? இங்கே நான், கலிபா, பசுக்கள் இரண்டு எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதினேன். உண்மையில் பசுக்கள் மட்டும்தான் சுகம்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது. நான் போனை எடுத்தால் கலிபா சமையலறையில் பாத்திரச் சத்தத்தை நிறுத்திவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பலாம் என்றால், போன வருஷம் ஒரோசாலியைப் பற்றி உங்களுக்கு மட்டும் என்று நான் பேசி அனுப்பியது சங்கத்துக் குழுவுக்குப் போய் முந்நூற்று நாற்பது பேர் கேட்டார்கள். என் மனைவியின் தம்பியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது இன்று தென்கொரியா வரைக்கும் தெரியும். ஆகவே காகிதம்தான். புதிதாக அச்சடித்த சங்கக் கடிதத்தாள் இது, தலைப்பில் மலையும் ஏரியும் போட்டிருக்கிறேன், பார்த்தீர்களா? நவீனமாக்குவது என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன் அக்கா. இந்தத் தாள், ஒரு புது முத்திரை, கூட்டத்தில் நான் உட்கார சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று. அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

புத்தாண்டுக்கு முன்னால் பள்ளிக்கூடத்து பாய்லர் வெடித்துப்போனது. பிள்ளைகள் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து படிக்கிறார்கள், பல் கிட்டிப்போய்ப் பாடம் ஒப்பிக்கிறார்கள். மாஸ்கோவிலும் சியோலிலும் இருக்கிற நம் பள்ளிப் பிள்ளைகள் புது பாய்லர் வாங்கித் தருகிறோம் என்றார்கள். ஆனால் மாஸ்கோவில் லாரி ஓட்டுகிற கென்ஜேஷ் குழுவில் இப்படி எழுதினான்: "சங்கத்தை முதல்ல ஒழுங்கு பண்ணுங்க. சங்கம்னா என்ன இப்போ? எசென்குல் அண்ணன், அவர் பொண்டாட்டி, மச்சினன், ஒரு ஆட்டுத்தலை. அவ்ளோதானே?" அதற்கு நாற்பத்தெட்டுப் பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். அதில் பதினோரு பேருடைய பசுக்களுக்கு நான் என் கையால் பிரசவம் பார்த்திருக்கிறேன்!

ரோஷம் வந்துவிட்டது. பெர்மெத்தைக் கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரியாது, 2008-இல் நம் பள்ளியில் முடித்த பெண். பிஷ்கேக்கில் அமைப்புகளுக்கு விதிமுறை எழுதித் தருகிற ஒரு அலுவலகத்தில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்திருக்கிறாள். "சங்கத்தை நவீனமாக்கணும்மா" என்றேன். "எந்த அளவுக்கு ஐயா?" என்று கேட்டாள். "முழுசா!" என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக என் நாக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பத்தே நாளில் முப்பத்தெட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மூன்றாம் பக்கத்திலேயே எனக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒருவர் மூன்று மூன்று வருஷமாக இரண்டு முறைதான் தலைவராக இருக்கலாமாம். சரி, பெரிய மனசு பண்ணி, "நல்லதுதானே, இன்னும் ஆறு வருஷம் இருந்துட்டுப் போறேன்" என்றேன். "இல்லீங்க ஐயா, ஏற்கெனவே இருபத்தாறு வருஷம் ஆயிடுச்சே" என்றாள். "அது பழைய விதிப்படி" என்றேன். "பழைய விதி எங்கே இருக்கு? எடுத்துக் குடுங்க, சேர்த்து வச்சுக்கறேன்" என்றாள். எங்கேயிருந்து எடுப்பது? 1999-இல் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம் நடந்தபோது அன்றைக்கு இருந்த பெரியவர்கள், விருந்தில் மதிப்புக்குரியவருக்கு வைக்கிற அவித்த ஆட்டுத்தலையை என் முன்னால் வைத்தார்கள், நான் காதை அறுத்துச் சின்னவர்களுக்குக் கொடுத்தேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் நான் தலைவர். அடுத்த வருஷமும் தலை என்னிடம் வந்தது. இதை விளக்கிச் சொன்னேன். அவள் நோட்டுப் புத்தகத்தில் 'தேர்தல் முறை: ஆட்டுத்தலை' என்று எழுதிக்கொண்டாள். சிரிக்கவில்லை அக்கா. சிரித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அப்புறம் உறவினர் விதி. ஒரே குடும்பத்து ஆட்கள் சேர்ந்து நிர்வாகத்தில் இருக்கக்கூடாதாம். "அம்மாடி, இந்த ஊர்ல யாரு யாருக்குச் சொந்தமில்ல? தலைவர் இங்கேருந்து, செயலாளரை ஜப்பான்லேருந்து கொண்டுவரணுமா?" என்று கேட்டேன். கலிபா செயலாளர், ஒரோசாலி தணிக்கையாளர், இதில் என்ன தப்பு? அவள் ஒரோசாலியைக் கூப்பிட்டு விசாரித்தாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அத்தான், நான் தணிக்கையாளரா? எப்போலேருந்து?" என்று கேட்டான். பத்தொன்பது வருஷமாக! மாடு மேய்க்கிற மச்சினனால் அவள் முன்னால் என் மானம் போனது.

அது போகட்டும். உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, "ஐயா, இந்த சூயுன்பாய் தாத்தா 2003-லயே இறந்துட்டாரே. போன வருஷக் கூட்டத்துல உங்களுக்கு ஆதரவா கை தூக்கினதா இருக்கு" என்றாள். "அவர் உயிரோட இருந்திருந்தா தூக்கியிருப்பார். அதனால அவருக்காக நான் தூக்கினேன்" என்றேன். "இப்படி எத்தனை பேருக்குத் தூக்கியிருக்கீங்க?" அறுபத்தொன்று என்று அவளே எண்ணி வைத்திருந்தாள். நான் என்ன களவா செய்தேன்? செத்தவர்களை மறக்காமல் கூட்டத்துக்குக் கூட்டிவந்தவன் நான் ஒருவன்தான்.

இதெல்லாம் கொசுக்கடி அக்கா. இடி விழுந்தது நேற்று. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கொட்டிலில் பசுவுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தேன். பெர்மெத் வந்து வாசலிலேயே நின்றாள். முகம் சரியில்லை.

"ஐயா, உறுப்பினர் எல்லாரையும் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டோட ஒத்துப் பார்க்கணும்ல. தலைமையாசிரியை பழைய பதிவேட்டை எல்லாம் எடுத்துக் குடுத்தாங்க. 1974-ல முடிச்சவங்க இருபத்துமூணு பேர். உங்க பேர் இல்ல."

"கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு."

"மூணு தடவை பார்த்தேன். பத்தாம் வகுப்பு வரைக்கும் இருக்கீங்க. கடைசிப் பரீட்சைக்கு நேரா ஒரு கோடு போட்டிருக்கு. சான்றிதழ் வாங்கினதா கையெழுத்து இல்ல."

"சுவத்துல தொங்குற வகுப்பு போட்டோவுல நான் இருக்கேனே! இடது பக்கத்துல ரெண்டாவது!"

"போட்டோ மே மாசம் எடுத்தது ஐயா. பரீட்சை ஜூன்ல."

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்தோ புத்தி வந்தது. "சரி, நான் உறுப்பினரே இல்லன்னா உன்னை நியமிச்சது செல்லாது. உன் நியமனம் செல்லாதுன்னா அந்தப் பதிவேட்டைத் திறக்க உனக்கு உரிமையில்ல. உரிமையில்லன்னா நீ எதையும் பார்க்கல" என்றேன். அவள் அதையும் யோசித்துப் பார்த்தாள் அக்கா, அவ்வளவு நேர்மையான பெண். பிறகு மெதுவாக, "யாருகிட்டயும் நான் சொல்லல. சனிக்கிழமை சங்கக் கூட்டம் வரைக்கும் உங்க பேருக்கு நேரா 'சரிபார்க்க வேண்டும்'னு மட்டும் எழுதி வச்சிருக்கேன். சான்றிதழ் இருந்தா கொண்டாங்க. இல்லாட்டி யாராவது பார்த்தவங்க எழுதிக் குடுத்தாலும் விதிப்படி போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சீவுகோலைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பசுதான் காலை உதறி என்னை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தது.

ஏன் எழுதவில்லை அந்தப் பரீட்சையை என்று கேட்பீர்கள். ஐம்பத்தொரு வருஷமாக உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். பண்ணைக் கணக்கரின் மகனுக்கு உங்களைப் பேசி முடிக்க அப்பா நாள் குறித்தார், நினைவிருக்கிறதா? நீங்கள் தலைநகரத்துக்குப் போய் ஆசிரியர் கல்லூரியில் மனுக் கொடுக்க வேண்டும் என்று அழுதீர்கள். நம் ஊர் பஸ் ஓட்டுநர் அப்பாவுக்குச் சிநேகிதர், ஏறினால் இறக்கிவிடுவார். அதனால் விடியற்காலையில் உங்களை நம் செவலைக் குதிரையில் பின்னால் ஏற்றிக்கொண்டு, மலைப்பக்கமாகச் சுற்றி அடுத்த ஊர் நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டேன். வழியில் நீங்கள் "இன்னைக்கு உனக்குப் பரீட்சை இல்லையாடா?" என்று கேட்டீர்கள். "நாளைக்கு" என்று சொன்னேன். அன்றைக்குத்தான் இருந்தது, அல்ஜீப்ரா.

திரும்பி வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. இலையுதிர் காலத்தில் வந்து எழுது என்றார் தலைமையாசிரியர். அதற்குள் எட்டாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக் கால்நடை மருத்துவப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். அதன் பிறகு என்னிடம் யார் சான்றிதழ் கேட்டார்கள்? பசு கேட்டதா, குதிரை கேட்டதா? கேட்காமல் கேட்காமல் நானே அதை மறந்துபோனேன். இதை நான் உங்கள் தலையில் கடனாக ஏற்றிவைக்க எழுதவில்லை. எனக்கு அல்ஜீப்ரா அப்படியொன்றும் வராது. குதிரை மேல் காற்றில் போனது அதைவிட நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே அக்கா, ஒரே ஒரு உபகாரம். 'என் தம்பி எசென்குல் 1974-ஆம் ஆண்டு பள்ளிச் சான்றிதழ் வாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, உங்கள் கிராம அலுவலக முத்திரையும் குத்தி, தலாஸிலிருந்து வருகிற ஏதாவது ஒரு வண்டியில் சனிக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்புங்கள். நாற்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் கையெழுத்தை யார் சந்தேகிப்பார்கள்? இருபத்தாறு வருஷம் தலைவனாக இருந்தவன் அந்தக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், நான் அங்கே படித்தே முடிக்கவில்லை என்று எப்படி எழுந்து நின்று சொல்வது? அதைவிட ஏரியில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விடலாம்.

அத்தானுக்கு என் ஸலாம். பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உங்கள் வாசலுக்கு நல்ல சேதியைத் தவிர வேறெதுவும் வராமல் இருக்கட்டும்.

என்றும் உங்கள் தம்பி,
எசென்குல்
(தலைவர், சனிக்கிழமை வரை)

பின்குறிப்பு: அண்ணி, இது கலிபா எழுதுவது. மேலே இருப்பதை அவர் புதன்கிழமை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். தபால் நிலையத்து வாசல் வரைக்கும் இரண்டு முறை போய் வந்தாராம், தபால்காரப் பெண் சொன்னாள். சனிக்கிழமை கூட்டம் முடிந்து வந்ததும், "இதை அடுப்புல போடு, படிக்காதே" என்று என்னிடம் கொடுத்தார். படிக்காதே என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரியும்.

எந்தக் கையெழுத்தும் போடாதீர்கள். கூட்டத்தில் ஆட்டுத்தலைத் தட்டை வழக்கம்போல அவர் முன்னால்தான் வைத்தார்கள். மாஸ்கோ, சியோல் பிள்ளைகள் எல்லாம் வீடியோவில், சுவரில் திரையாகக் கட்டிய படுக்கை விரிப்பில் தெரிந்தார்கள். பெர்மெத் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், பாவம். இவர் கத்தியைத் தொடவில்லை. எழுந்து நின்று, "நான் இந்தப் பள்ளிக்கூடத்துல பரீட்சை எழுதி முடிக்கல. இந்தத் தட்டு எனக்கு வரக்கூடாது" என்றார். என் தம்பி ஒரோசாலி, "அத்தான், அப்போ இருபத்தாறு வருஷமா எத்தனை காது அறுத்துக் குடுத்தீங்க!" என்றான். ஏன் எழுதலை என்று கென்ஜேஷ் விரிப்பிலிருந்து கேட்டான். "சோம்பேறித்தனம்" என்றார் இவர். உங்கள் பேரை எடுக்கவில்லை அண்ணி. குதிரை விஷயமே எனக்கு இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும்.

முப்பத்தெட்டுப் பக்கத்திலும் அவரே கையெழுத்துப் போட்டார். வசந்தத்துக்குள் பாய்லர் வந்துவிடும் என்றான் கென்ஜேஷ். ஆட்டுத்தலையை இனி யார் முன்னால் வைப்பது என்று புது விதியில் எங்கும் இல்லாததால் அரை மணி நேரம் சண்டை நடந்து, கடைசியில் பெர்மெத்தின் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினோம். தேர்தலும் நடந்தது. என்னைத் தலைவராகப் போட்டுவிட்டார்கள். உறவினர் விதிப்படி, நான் இருக்கும் வரைக்கும் அவர் எந்தப் பதவிக்கும் வர முடியாது. ஜூன் மாதம் பரீட்சை எழுதினால் சாதாரண உறுப்பினராகலாம் என்று தலைமையாசிரியை சொன்னதற்கு, அல்ஜீப்ரா இன்னும் பழைய மாதிரியே இருக்கிறதா என்று விசாரித்து வந்திருக்கிறார்.

கடிதத்தை அடுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை, அனுப்புகிறேன். படித்து முடித்ததும் அவருக்குப் போன் செய்யுங்கள். எடுத்தவுடனே அழுதுவிடாதீர்கள், வைத்துவிடுவார். முதலில் அங்கே பனி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருங்கள். நான் பாத்திரச் சத்தத்தை நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறேன்.