யோனாவை விழுங்கிய மொனராகலை யானை

இலங்கையின் ஊவா மாகாணம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், யோனா தீர்க்கதரிசியை விழுங்கியது மீன் அல்ல, யானை என்று உறுதியாக நம்பிய கிறிஸ்தவர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்களுக்கு ரொட்டி கொண்டுவரும் பாண்காரர். அதுவும் ஏதோ ஒரு யானை அல்ல. மொனராகலைப் பக்கத்துக் காட்டு யானை என்று ஊரைக்கூடச் சொல்லிவிடுவார்.

ஹாலிஎல பேக்கரியில் பாண் எடுத்து, சைக்கிளின் பின்னால் கட்டிய மரப்பெட்டியில் அடுக்கி, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டில் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். அந்தச் சைக்கிளில் அவர் ஏறி உட்கார்ந்து போனதை நான் பார்த்ததே இல்லை. ஏற்றத்தில் தள்ளுவார், இறக்கத்தில் சைக்கிள் அவரை இழுத்துக்கொண்டு போகும். அவருக்கு நல்ல வேதாகமப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தோட்டத்துச் சிறிய கிறிஸ்தவக் கோயிலுக்கு வரும் எல்லோருக்கும் அவர் தாலந்தண்ணன்.

அந்தப் பெயர் வந்தது ஒரு பிரசங்கத்தால். எழுபதுகளின் நடுப்பகுதி. நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்க வந்த புதிது. எஜமான் ஒருவர் தம் வேலைக்காரர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் போன உவமையைப் போதகர் ஐயா அன்று விளக்கினார். தாலந்து என்றால் ஆண்டவர் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் வரம். அதை மண்ணில் புதைத்து வைத்தவனுக்குக் கடைசியில் என்ன கதி என்று குரலை உயர்த்திச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டோம். பாண்காரர் போகவில்லை. ஐயாவின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஐயா, எனக்கு என்னா குடுத்திருக்காருன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். எனக்கே தெரியாம எங்கயாவது பொதைச்சு வச்சிருந்தேன்னா?"

ஜெபித்துப் பார், தெரியும் என்றார் ஐயா. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பின்னால் எத்தனையோ வருஷம் வருந்தினார்.

முதலில் பாடகர் குழு. சுருதி பிழைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்போம். தாலந்தண்ணன் ஒரு வரி பிந்தி வந்தார். நாங்கள் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு தனியாக நின்று கடைசி அடியைப் பாடி முடித்துவிட்டு, எங்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்ப்பார். ஆண்டவர் சந்நிதியில் என்ன இவ்வளவு அவசரம் என்பது அவர் கேள்வி.

அடுத்தது ஜெபம். முடிவு ஜெபத்தை ஒருநாள் அவரிடம் கொடுத்தார்கள். அவர் பாண் கொடுக்கும் வீடுகளை வரிசை தப்பாமல் ஆண்டவரிடம் ஒப்புவித்தார். கீழ் லயத்து வரிசை வீட்டுப் பெரியம்மாவின் மூலவியாதியை முழு விவரத்தோடு சொன்னார். பெரிய கங்காணிக்கு ஆட்டுத் தொழுவத்தைத் தாண்டும்போது வரும் பேய்ப் பயத்தை நீக்கும்படி உருக்கமாக மன்றாடினார். மூடியிருந்த கண்கள் எல்லாம் திறந்துகொண்டன. ஆமென் சொல்லும் நேரத்தில் கங்காணியார் கோயிலில் இல்லை.

சரி, வாய் திறக்கத் தேவையில்லாத ஊழியம் என்று கோயில் மணியை அவரிடம் கொடுத்தார்கள். அதில் என்ன கெட்டுவிடும் என்று நாங்கள் நினைத்தோம். தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டு மணி அடிப்பார்கள். ஆட்கள் எல்லாம் கூடி நின்று, அன்றைய வேலையைப் பிரித்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். தாலந்தண்ணனுக்குத் தெரிந்த மணி அது ஒன்றுதான். உயிர்த்த ஞாயிறு அதிகாலை ஆராதனைக்கு அதே தாளத்தில் அடித்துத் தள்ளினார். அரைத் தோட்டம் கூடையோடும் கம்பளியோடும் கோயில் முன்னால் வரிசையில் நின்றது. சைவர்களும் நின்றார்கள். கதவைத் திறந்த போதகர் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே ஆண்டவரிடம் திரும்பும் எழுப்புதல் வந்துவிட்டது என்று நினைத்துக் கைகளை மேலே உயர்த்தினார். "இன்னைக்கு எந்த மலைங்கய்யா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டதும் கைகளை மெல்ல இறக்கினார்.

கடைசியாக ஞாயிறுப் பாடசாலை. சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்வது. இங்கேதான் யானை வருகிறது.

அவர் கதைகளில் மோசே பெரிய கங்காணி. பார்வோன், பங்களாவில் இருக்கும் பெரிய துரை. செங்கடல், மழைக்காலத்துப் பதுளு ஓயா ஆறு. நோவாவின் பேழையில் அட்டையும் சோடியாக ஏறியதா என்று ஒரு பிள்ளை கேட்டதில், அந்த வாரக் கதை அங்கேயே நின்றுபோனது. அட்டை ஏறியிருந்தால் பேழையில் இருந்த மற்றச் சீவன்களின் நிலைமை என்ன என்று அவரும் பிள்ளைகளும் வகுப்பு முடியும்வரை கவலைப்பட்டார்கள்.

யோனாவுக்கு வந்தபோது மட்டும் அவர் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. ஆண்டவர் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் யோனா கப்பலேறித் தப்பி ஓடுகிறார், கடல் கொந்தளிக்கிறது, கடலில் விழுந்தவரை ஒரு பெரிய மீன் விழுங்கி, மூன்று நாள் கழித்துக் கரையில் கக்குகிறது. இதுதான் வேதத்தில் உள்ளது. தாலந்தண்ணன் கடலைக் கண்டதில்லை. அவர் கண்ட மீன் எல்லாம் கருவாடும் டின் மீனும். ஒரு சின்னத் தகர டின்னுக்குள் ஐந்தாறு பேராகப் படுத்திருக்கும் சீவன் ஒரு ஆம்பிளையை முழுங்கும் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் யோனாவை மொனராகலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வழியில் யானை மறித்தது. யானையின் வயிற்றுக்குள் யோனா சப்பணம் போட்டு உட்கார்ந்து, அது தின்ற வாழைக்குலையிலிருந்து பழம் பிய்த்துத் தின்றார்.

அந்த வருஷத்து வேதபாடச் சோதனையில் எங்கள் கோயில் பிள்ளைகள் அத்தனை பேரும் யானை என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை படமும் கீறியிருந்தது. பரீட்சகரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. போதகர் ஐயா தாலந்தண்ணனைக் கூப்பிட்டு, மிக அன்பாக, இனி ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்கும்படி சொன்னார்.

மறுநாள் காலை என் வாசலில் பாணை நீட்டியவர் போகாமல் நின்றார்.

"பாட்டு இல்ல, ஜெபம் இல்ல, மணி இல்ல. இப்பக் கதையும் இல்லைன்னுட்டாரு. எனக்கு ஆண்டவர் ஒண்ணுமே குடுக்கலீங்க டீச்சர். பொதைக்கிறதுக்குக்கூட ஒண்ணும் குடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

பிறகு எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலை வந்தது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பாடசாலைக்குச் சப்பாத்து வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு பதுளை டவுனுக்குப் போயிருந்தேன். சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைத்தெருவின் மறுமுனையில் புகை எழும்பியது. தமிழர் கடைகளுக்குத் தீ வைத்துக்கொண்டு வந்தார்கள். எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் நானா என்று கூப்பிடும் கருவாட்டுக் கடை முஸ்லிம் அண்ணன் எங்களை உள்ளே இழுத்துவிட்டுக் கடைப் பலகைகளைப் போட்டார். பின்பக்கத்துக் களஞ்சியத்தில், கருவாட்டு மூடைகளுக்கு நடுவில், இருட்டில் உட்கார வைத்தார். வெளியே கேட்டதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. மகளின் வாயை என் கையால் பொத்தி, "பேசாத கண்ணு, மூச்சுக் காட்டாத," என்றேன்.

மறுநாள் நானாவின் லொறியில், மூடைகளுக்குப் பின்னால் ஒளிந்து வீடு வந்து சேர்ந்தோம். தோட்டத்து வளைவில் அவள் அப்பா பித்துப் பிடித்தவரைப் போல நின்றிருந்தார். ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அப்பா என்று கூப்பிடவில்லை.

நான் பேசாதே என்றேன், அவள் பேசவில்லை. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. தோட்டத்து டொக்டர் ஐயா தொண்டையைப் பார்த்தார். பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். பயந்திருக்கிறது, பேசும் என்றார்கள். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. லயத்துப் பெண்கள் வந்து கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினார்கள். போதகர் ஐயா தலையில் கைவைத்து ஜெபித்தார். எல்லோரும் கடைசியில் ஒன்றையே கேட்டார்கள்: ஒரு வார்த்தை பேசு கண்ணு. கேட்கக் கேட்க அவள் வாய் இன்னும் இறுகியது. நான் இரவும் பகலும் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலவரத்தில் மூடிக் கிடந்த பேக்கரி திறந்தது, தாலந்தண்ணன் வந்தார். அவர் மட்டும் அவளைப் பேசச் சொல்லவில்லை. பாணைக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் கேட்டார்.

"டீச்சர், ஐயா கதை சொல்லக்கூடாதுன்னுட்டாரு. வாயெல்லாம் ஒரே அரிப்பா இருக்கு. பாப்பாகிட்டச் சொல்லிக்கட்டுங்களா? அவ யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டா."

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். ஏனோ தலையசைத்தேன்.

அவர் படியில் உட்கார்ந்து தாவீதையும் கோலியாத்தையும் தொடங்கினார். தாவீது எறிந்த கவண்கல்லைக் கோலியாத் எறிந்தான் என்றார். வேதக் கதைகளை என்னிடம் கேட்டு வளர்ந்த மகள் புருவத்தைச் சுருக்கினாள். அடுத்த நாள் ஆதாம் தேயிலைக் கொழுந்து தின்று பாவம் செய்தார். அவள் கதவு நிலைக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அதற்கடுத்து நோவாவை யாக்கோபின் ஏணியில் ஏற்றிவிட்டு யாக்கோபை நோவாவின் பேழையில் போட்டார். அவள் எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இல்லையென்று தலையைப் பலமாக ஆட்டினாள். அவர் கவனிக்காதவர் போலப் போய்விட்டார். பாதிப் பாண் விற்காமல் பெட்டியிலேயே காய்ந்தது. பாண் பிந்தியதற்கு வேறு லயங்களில் அவரைத் திட்டினார்கள்.

பிறகொரு நாள் யோனா வந்தார். நான் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். மொனராகலை பஸ் புறப்பட்டது. யானை மறித்தது. தாலந்தண்ணன் அவசரமே படவில்லை. யானையின் தந்தம், காது, வால் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, வாயைத் திறந்து யோனாவை விழுங்க வைத்தார்.

"ஆனை இல்ல. மீனு."

என் கை அப்படியே நின்றது. கரகரத்த, துருப்பிடித்த குரல். என் பிள்ளையின் குரல்.

தாலந்தண்ணன் அசையவில்லை. "போ புள்ள. மீனு எம்புட்டு இருக்கும்? டின்னுக்குள்ள கெடக்குற சாமான்."

"பெருசு இருக்கு மாமா. நானா கடையில தொங்குது. உங்கள விடப் பெருசு."

"அப்ப உள்ளாற ஒரே இருட்டா இருக்குமே."

"இருட்டுதான். நாத்தம் வேற."

"யோனா ரொம்பப் பயந்திருப்பாரு."

 நான் திருவலையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"பயந்தாரு," என்றாள். "ஆனா வெளிய வந்துட்டாரு."

"நெசமா வந்துட்டாரா?"

"வந்துட்டாரு மாமா. நீங்க புஸ்தகத்தப் பாருங்க."

நான் வெளியே ஓடி வந்தபோது இருவரும் மீனின் நீளம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கைகளை விரிக்க, அவர் நம்பாமல் அவற்றைப் பிடித்துக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தாலந்தண்ணனைச் சைக்கிள்வரை துரத்திக்கொண்டு போய்க் கேட்டேன், எல்லாவற்றையும் வேண்டுமென்றேதான் பிழையாகச் சொன்னாரா என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"மத்தது வேணும்னு சொன்னதுங்க. அவ நெத்தி சுருங்குறதப் பாத்தேன், விடல. ஆனா யோனா... ஐயா மீனுன்னாரு, நான் நம்பல. இப்ப பாப்பா கண்ணால பாத்தேங்கிறா. நம்பித்தான் ஆகணும்." சைக்கிளைத் தள்ளத் தொடங்கியவர் நின்று திரும்பினார். "அப்ப தப்பாச் சொல்றதுதான் என் தாலந்துங்களா டீச்சர்? இதையா ஆண்டவர் குடுத்தாரு?"

 நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இறக்கத்தில் சைக்கிள் அவரை இழுத்துக்கொண்டு போனபோது, எப்போதும் போல ஒரு வரி பிந்திய பாட்டு ஒன்று கேட்டது.

போதகர் ஐயா கேள்விப்பட்டதும் ஞாயிறு வகுப்பைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சோதனையில் எங்கள் பிள்ளைகள்தான் முதலில் வந்தார்கள். தாலந்தண்ணனை மடக்குவதற்காகவே பிள்ளைகள் எல்லாம் வேதத்தை வரிக்கு வரி படித்திருந்தார்கள்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் எப்போதோ எழுதிப் போட்டிருந்த இந்தியப் பாஸ்போட் அவர் குடும்பத்துக்கு வந்துவிட்டது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பதுளை ஸ்டேஷனில் ஒரு தோட்டமே அழுதுகொண்டு நின்றது. என் மகள் மட்டும் அழாமல் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னாள்: "கப்பல்ல தூங்கிராதீங்க மாமா. மீனு எம்புட்டுன்னு நல்லாப் பாருங்க."

"பாத்துட்டு வந்து சொல்றேன் புள்ள," என்றார். ரயில் நகர்ந்து, மற்றவர்கள் எல்லாம் கையாட்டி முடித்த பிறகு, அவர் கை வெளியே வந்தது.

மகள் இப்போது பண்டாரவளையில் படிக்கிறாள். பஸ் கொஞ்சம் பிந்தினாலும் நான் வளைவுவரை போய் நிற்கிறேன். புகையைக் கண்டால், அது வெறும் குப்பைப் புகையானாலும், எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறேன். வீட்டுக்கு வந்தவள் எதற்கெடுத்தாலும் என்னோடு எதிர்த்து வாதாடுகிறாள். இப்படியா வாய் காட்டுவது, நீ கண்டிப்பதில்லையா என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் சில நாள், ஒன்றும் தெரியாதவள் போல, ஏதாவதொன்றைப் பிழையாகச் சொல்லிவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாண் இப்போதும் வருகிறது. புதிய பாண்காரர் நல்லவர். நேரத்துக்கு வருகிறார், சைக்கிளில் ஏறியே போகிறார், பிழையாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. பாணை வாங்கிக் கதவைச் சாத்தப் போகும்போது மகள் மட்டும் படியில் ஒரு நிமிஷம் நிற்கிறாள். மீன் எவ்வளவு பெரியது என்று இன்னும் யாரும் வந்து எங்களுக்குச் சொல்லவில்லை.